இரண்டாவது கார்டு

விழுப்புரத்தில் நான் வேலை பார்ப்பது ஒரு அந்நியச் செலாவணி ஏஜென்சியில். வெளிநாடு போகிறவர்களிடம் ரூபாயை வாங்கிக்கொண்டு, அவர்கள் போகும் நாட்டுப் பணமாக ஒரு கார்டில் முன்கூட்டியே ஏற்றிக் கொடுப்போம். கோட்டக்குப்பத்திலிருந்து வளைகுடா போகும் பையன்கள், மகள் பிரசவத்துக்காக முதல்முறை விமானம் ஏறும் செஞ்சிப் பக்கத்து அம்மாக்கள் என்று யார் வந்தாலும் ஒரே பாடத்தை ஒப்பிப்பேன். பின் நம்பரைக் கார்டோடு எழுதி வைக்காதீர்கள். கார்டைப் போட்டோ எடுக்காதீர்கள். இரண்டு கார்டு தருகிறோம். ஒன்று கைப்பையில் இருக்கட்டும், மற்றது உறை பிரிக்காமல் பெரிய பையின் அடியில் இருக்கட்டும். ஒன்றின் எண்ணை எவனாவது திருடினால் அதை முடக்கிவிட்டு, மிச்சப் பணத்தை மற்றதற்கு மாற்றிவிடுவோம். பத்து நிமிட வேலை. உங்கள் பணத்துக்கு நாங்கள் காவல் என்று முடிப்பேன். பதினோரு வருஷமாகச் சொல்லி வருகிறேன். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒரு வார்த்தை மாறாது.

அந்தப் பாடத்தை என் வீட்டில் மட்டும் நான் முழுதாகச் சொல்லவில்லை. சோறு தின்றுகொண்டே பாதியைச் சொன்னேன். வீட்டு ஆட்களுக்கு இதெல்லாம் தெரியாதா என்ற திமிர், வேறென்ன.

என் தங்கையின் வீட்டுக்காரர் வானூர்ப் பக்கம் கொத்து வேலை செய்துகொண்டிருந்தவர். பிறகு மலேசியாவில் ஒரு சாப்பாட்டுக் கடைக்குப் போனார். நாலு வருஷம் ஒழுங்காகப் பணம் வந்தது. அப்புறம் கடை மூடிவிட்டார்கள், பர்மிட் முடிந்துவிட்டது. ஊருக்கு வராமல் கிடைத்த வேலையைச் செய்துகொண்டு அங்கேயே ஒளிந்து வாழ்ந்தார். சர்க்கரை வியாதி வேறு. காலில் ஒரு கொப்புளம் என்று தங்கையிடம் சொன்னார். காலைக் காட்டுங்கள் என்று அவள் கேட்டால் போனை முகத்தின் பக்கம் திருப்பிவிடுவார். காகிதம் இல்லாதவன் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் பிடித்துக்கொள்வார்கள் என்று அவருக்குப் பயம். ஒரு நாள் அவரோடு தங்கியிருந்த நண்பர் அவருக்குத் தெரியாமல் படம் எடுத்து அனுப்பினார். சுண்டு விரலும் அதற்கு அடுத்ததும் கறுத்திருந்தன. தங்கை அந்தப் படத்தை என்னிடம் காட்டியபோது நாங்கள் இருவருமே அதைப் பெரிதாக்கிப் பார்க்கவில்லை.

அவர் ஊர் திரும்ப ஒரு வழி இருந்தது. காகிதம் இல்லாமல் தங்கிவிட்டவர்கள் அபராதத்தைக் கட்டிவிட்டு ஊருக்குப் போகலாம் என்று அந்த நாட்டில் அனுமதித்திருந்தார்கள். முன்பதிவு செய்த நாளில் நேரில் போக வேண்டும். காசாக வாங்க மாட்டார்கள், கார்டுதான். கூட இருந்தவர்களிடம் காசு இருந்தது, கார்டு இல்லை. அவர்களும் ஒளிந்து வாழ்கிறவர்கள்தானே. மாப்பிள்ளையால் தனியாக நடக்கவும் முடியவில்லை. எனவே தங்கை, பள்ளிக்கூட வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை பார்ப்பவள், சென்னைக்கே நாலைந்து முறைதான் போனவள், நானே போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன் என்று கிளம்பிவிட்டாள். இருந்த நகையை விற்றாள். நானே என் கையால் அந்தப் பணத்தைக் கார்டில் ஏற்றினேன். கார்டுக்கு என் போன் நம்பரைத்தான் கொடுத்தோம். எடுக்கிற ஒவ்வொரு காசுக்கும் எனக்கு மெசேஜ் வரும், ஏதாவது தப்பு நடந்தால் நான் பார்த்துக்கொள்வேன் என்றேன்.

இங்கே அப்பாவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்பா கூலி வேலை செய்தவர். எங்கள் பரம்பரையில் யார் பேரிலும் ஒரு அடி நிலம் இருந்ததில்லை. திண்டிவனத்தில் நாங்கள் இருக்கும் மனைக்குப் பட்டா வாங்க அவர் ஆபீஸ் ஆபீஸாக ஏறி இறங்கினார். கடைசியில் கிடைத்தது. பிறகு ஏதோ திருத்தத்துக்காக ஒரிஜினலைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அது திரும்பி வரவேயில்லை. யாரைக் கேட்டாலும் வாங்கவில்லை என்றார்கள். நல்லவேளையாக ஒரு ஜெராக்ஸ் எடுத்து வைத்திருந்தார். அந்த ஒற்றைத் தாளை வைத்துக்கொண்டுதான் மனையை மீட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் ஒரிஜினல் எதுவும் வாசற்படி தாண்டாது. ரேஷன் கார்டு, சாதிச் சான்றிதழ், என் டிகிரி, எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள். வெளியே போவதெல்லாம் கலர் ஜெராக்ஸ், அதற்கு மேல் லேமினேஷன். நாங்கள் அவரைக் கிண்டல் செய்வோம். "உன்னையே ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சிக்கலாம்பா" என்பாள் தங்கை. அவர் சிரிக்க மாட்டார்.

கார்டைக் கொண்டுவந்த அன்று மதியம் சாப்பிடும்போது அப்பா கேட்டார், "ஏன்டா ரெண்டு குடுத்துக்கீறாங்க?"

"ஒண்ணு போனா இன்னொண்ணு. ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாது. அதான் விஷயம்" என்றேன்.

"சரியான பேச்சு" என்றார் அப்பா. அவர் என் தொழிலைப் பற்றி நல்லதாக ஒன்று சொன்னது அன்றுதான். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் காலை விமானம். விடிவதற்கு முன்பே கிளம்பி மீனம்பாக்கம் போய்ச் சேர்ந்தோம். உள்ளே போகும் முன் அவள் பையைத் திறந்து ஒருமுறை சரிபார்த்தேன். கைப்பையில் முதல் கார்டு இருந்தது. பெரிய பையின் அடியில், புடவைகளுக்குக் கீழே, ஒட்டிய உறை இருந்தது. இரண்டு விரலால் அழுத்திப் பார்த்தேன். கார்டு அளவுக்கு விறைப்பாக ஒன்று தட்டுப்பட்டது. "தேவைப்படற வரைக்கும் இதப் பிரிக்காத" என்றேன். அவள் தலையாட்டினாள். உறையின் வாயில் ஒட்டியிருந்தது எங்கள் ஆபீஸ் பசை இல்லை, காய்ந்த சோற்றுப் பருக்கை. வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். நான் பார்க்கவில்லை.

அவளை அனுப்பிவிட்டு விழுப்புரம் பஸ் ஏறினேன். திண்டிவனம் மேம்பாலம் தாண்டியதும் ஒரு அம்மா வேகவைத்த வேர்க்கடலையை, எங்கள் ஊர் மல்லாட்டையை, ஒவ்வொரு சீட்டாக நீட்டிக்கொண்டு வந்தாள். சில்லறை எடுக்கப் பையில் கைவிட்டபோது போன் அதிர்ந்தது. தங்கையின் கார்டிலிருந்து ஒரு தொகை எடுக்கப்பட்டிருந்தது. மிகச் சின்னத் தொகை, ஒரு டீ விலைகூட வராது. வாங்கிய இடத்தின் பெயர் ஒரு பெயராகவே இல்லை, வெறும் எழுத்துகள்.

நேரத்தைப் பார்த்தேன். அவள் கடலுக்கு மேலே பறந்துகொண்டிருந்தாள். போனை அணைத்து வைத்திருப்பாள்.

என் தொழிலில் இருப்பவர்களுக்கு இது என்னவென்று விளக்க வேண்டியதில்லை. எண்ணைத் திருடியவன் முதலில் சின்னதாக ஒன்றை எடுத்துப் பார்ப்பான். யாரும் கண்டுகொள்ளவில்லை என்றால் பெரிதாகக் கை வைப்பான். எத்தனை பேருக்கு இதைச் சொல்லியிருக்கிறேன்! ஆனாலும் அந்த பஸ்ஸில் நான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். ஏர்போர்ட்டில் தண்ணீர் பாட்டில் வாங்கியிருப்பாள், மெசேஜ் தாமதமாக வந்திருக்கும் என்று நினைத்தேன். முடக்கினால் போய் இறங்கும் இடத்தில் கையில் கார்டில்லாமல் திண்டாடுவாளே என்றும் நினைத்தேன். விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது இரண்டாவது மெசேஜ் வந்தது. அதுவும் சின்னதுதான், ஆனால் முதலாவதைவிடக் கொஞ்சம் பெரியது. மல்லாட்டைப் பொட்டலம் மடியில் இருந்தது, ஒன்றைக்கூட உரிக்கவில்லை. எவனோ ஒருவன் எங்கள் வீட்டுக் கதவை மெல்லத் தள்ளிப் பார்க்கிற மாதிரி இருந்தது.

நான் செய்ய வேண்டியதை இயந்திரம் செய்துவிட்டது. மூன்றாவது முயற்சி பெரிய தொகைக்கு. எங்கள் நிறுவனத்தின் மோசடித் தடுப்பு அதை மறுத்து, கார்டையும் தானாகவே முடக்கிவிட்டது. நான் ஆபீஸ் படியேறும்போது தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். "சார், போனது ரொம்பச் சின்ன அமவுன்ட். அதுவும் திரும்ப வந்துடும். பேலன்ஸ் சேஃபா இருக்கு. ஸ்பேர் கார்டுக்கு மாத்திட்டோம். அவங்க அத யூஸ் பண்ணிக்கலாம்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பக்கத்து சீட்டுக்காரருக்கு டீ வாங்கிக் கொடுத்து, நம்ம சிஸ்டத்தைப் பார்த்தீர்களா என்று பீற்றிக்கொண்டேன்.

அன்று மாலை தங்கை அங்கே வாங்கிய புது நம்பரிலிருந்து பேசினாள். மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டாள். குரல் சரியில்லை. "ரூமுக்குள்ள நொழையவே முடியலண்ணா. நாத்தம். ஊதுபத்தி ஏத்தி வெச்சிக்கினு கீறாங்க" என்றாள். கார்டு விஷயத்தைச் சொன்னேன். பயந்துவிட்டாள். பயப்படாதே, அதற்குத்தானே இரண்டாவது கார்டு, உறை பத்திரமாக இருக்கிறதா என்று கேட்டேன். பையைத் திறக்கும் சத்தம் கேட்டது.

"இருக்குதுண்ணா. கெட்டியா இருக்குது. பிரிக்கட்டுமா?"

"இப்ப வேணாம். நாளைக்குக் கவுன்டர்ல பிரி. வழியில தொலைச்சிடப் போற" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. பாடம் அப்படி, அதனால் சொன்னேன். அப்போதே பிரித்திருந்தாலும் பெரிதாக ஒன்றும் மாறியிருக்காது என்று மற்றவர்கள் சொல்கிறார்கள். ஒரு ராத்திரி கையில் இருந்திருக்கும். யாராவது கார்டு வைத்திருப்பவரைத் தேடிப் பிடித்திருக்கலாம் என்று நான் நினைக்கிறேன்.

மறுநாள் காலை திண்டிவனம் ஸ்டேஷனில் பாசஞ்சருக்காக நின்றேன். அங்கே நமக்கு இரண்டரை மணி நேரம் முன்னால். எட்டு மணிக்கு அவள் கூப்பிட்டாள்.

"அண்ணா, கவரப் பிரிச்சேன். காயிதம்ணா."

"இன்னா காயிதம்?"

"கார்டு மாதிரியே கீது. ஆனா காயிதம். மேல பிளாஸ்டிக் ஒட்டிருக்கு. மிஷின்ல போகலன்னு அந்தம்மா திருப்பிக் குடுத்துட்டாங்க. நம்பர் இருக்குதுண்ணா, முன்னாடி பின்னாடி எல்லாம் இருக்குது. நம்பர சொன்னா கட்ட முடியாதாண்ணா?"

முடியாது. கார்டு வேண்டும். அவளுக்குப் பின்னால் மாப்பிள்ளை யாரிடமோ ஏதோ கெஞ்சுவது கேட்டது. ரயில் வந்து நின்றது. நான் ஏறவில்லை. வெளியே ஓடி ஒரு ஆட்டோவில் வீட்டுக்குப் போனேன்.

அப்பா வாசலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். கேட்டதும் சாதாரணமாகச் சொன்னார், "அது பெட்டில பத்திரமா கீதுடா."

நான் கத்தினேன். தெருவே திரும்பிப் பார்க்கும்படி கத்தினேன். அப்பாவைப் பார்த்து வாழ்நாளில் சொல்லாத ஒரு வார்த்தையையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"ரெண்டும் ஒரே எடத்துல இருக்கக் கூடாதுன்னு நீதான சொன்ன? ரெண்டு ஒரிஜினலையும் பொட்டப் புள்ள கையில குடுத்து, கண் காணாத தேசத்துல தொலைச்சிட்டா இன்னா பண்றது? அதான் ஒண்ண எடுத்து வெச்சிட்டு ஜெராக்ஸ் வெச்சி ஒட்டினேன்" என்றார்.

எங்கள் இருவரின் பாடமும் ஒன்றுதான். நான் பாதியில் நிறுத்தினேன், அவர் தன் வாழ்க்கையை வைத்து மீதியை நிரப்பிக்கொண்டார்.

அங்கே கவுன்டரில் அவர்கள் மோசமாக நடந்துகொள்ளவில்லை. நேரம் முடிந்துவிட்டது, அடுத்த முன்பதிவு எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அடுத்தது பத்தொன்பது நாள் கழித்துக் கிடைத்தது. எங்கள் நிறுவனம் இங்கிருந்து புதுக் கார்டு அனுப்பப் பத்து நாள் ஆகும் என்றது. நான் என் கஸ்டமர் பட்டியலைப் புரட்டினேன். கோட்டக்குப்பத்துத் துணி வியாபாரி ஒருவர் எட்டாம் நாள் அங்கே போவதாக இருந்தது. அப்பாவே பஸ் ஏறிப் போய் இரண்டாவது கார்டை அவர் கையில் கொடுத்துவிட்டு வந்தார். அன்றைக்கு அவர் ஜெராக்ஸ் எதுவும் எடுக்கவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்தியிருந்தார்.

எண் எப்படித் திருடு போனது என்று தெரியாமல் என்னால் இருக்க முடியவில்லை. அப்பா வழக்கம்போல இரண்டு கார்டையுமே ஜெராக்ஸ் எடுத்திருந்தார்; அந்தக் கடைக்குப் போனேன். கடையில் இருந்த பெண் நல்ல மாதிரி. "நாங்க எதையும் அழிக்கிறதில்ல சார். மறுபடி வந்து கேப்பாங்க" என்று கம்ப்யூட்டரைத் திருப்பிக் காட்டினாள். திரையை உருட்டிக்கொண்டே போனாள். ஆதார், பாஸ்புக், பட்டா, பிறப்புச் சான்றிதழ், ஏடிஎம் கார்டு. எனக்குத் தெரிந்த முகங்கள், பக்கத்துத் தெரு முகங்கள், செத்துப்போனவர்களின் முகங்கள். ஊரே அந்தப் பெட்டிக்குள் இருந்தது. நடுவில் தங்கையின் கார்டும் இருந்தது, முன்பக்கமும் பின்பக்கமும். இங்கிருந்துதான் போனது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு பிரதி வெளியிலும் பத்திரமாக இருக்கட்டும் என்று அப்பா சொந்தக்காரர்கள் மூன்று பேருக்கு ஆளுக்கொரு தாள் கொடுத்திருந்தார். அவர்களில் ஒருவர் அதைப் போனில் படம் எடுத்து வைத்திருந்தார். எங்கிருந்து வேண்டுமானாலும் போயிருக்கலாம். அந்தத் திருடன் யார், எந்த நாட்டுக்காரன் என்று எனக்குத் தெரியாது. அவனுக்கும் எங்களைத் தெரியாது. கடையை விட்டு வெளியே வந்தபோது பஸ் ஸ்டாண்டில் அவ்வளவு கூட்டம், எல்லோர் பையிலும் போன்.

பிறகு காத்திருந்தோம். அவள் தினமும் மதியம் பேசுவாள். முதல் நாட்களில் விரல் என்றாள். அப்புறம் பாதம் என்றாள். ஐந்தாம் நாள் காய்ச்சல். நண்பர்கள் ஒரு சின்ன க்ளினிக்குக்குக் கூட்டிப்போய் ஊசி போட்டார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றால் மாப்பிள்ளை கையெடுத்துக் கும்பிட்டார், அபராதம் கட்டின சீட்டு கைக்கு வரட்டும், அப்புறம் யாருக்கும் பயப்படாமல் போகலாம், நேராக விழுப்புரத்தில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று. ஒரு நாள் போனை அவரிடமே கொடுத்தாள். "மச்சான், ஒண்ணும் பேஜாரு இல்ல. இன்னும் பதிமூணு நாளு, வந்துடுவேன்" என்றார். மூச்சு வாங்கியது. நான் சரி மாப்பிள்ளை, சரி மாப்பிள்ளை என்றேன். வேறு என்ன சொல்வது?

ஒன்பதாம் நாள் கார்டு அவள் கைக்குப் போய்ச் சேர்ந்தது. அன்றைக்கே அவர் பேச்சை மீறி ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். முன்பணம் அந்தக் கார்டிலிருந்துதான் போனது. எனக்கு மெசேஜ் வந்தது: ஆஸ்பத்திரியின் பெயர், தொகை, மிச்சம். கார்டு நன்றாக வேலை செய்தது. ஒரு வாரம் முன்னால் வந்திருக்க வேண்டும், ரத்தத்தில் கலந்துவிட்டது என்று டாக்டர் சொன்னாராம்.

பதினான்காம் நாள் எனக்கு வந்த மெசேஜில் ஒரு சவ ஊர்தி நிறுவனத்தின் பெயர் இருந்தது. தங்கை கூப்பிடுவதற்கு முன்பே அது வந்துவிட்டது. கவுன்டரில் ஒரு அம்மாவுக்கு இரண்டு கார்டையும் காட்டி விளக்கிக்கொண்டிருந்தேன். பாதியில் நிறுத்தினேன். "அப்புறம் இன்னா சார்?" என்றார் அந்த அம்மா. முழுசாகச் சொல்லிவிட்டுத்தான் எழுந்தேன்.

அபராதத்துக்கென்று வைத்திருந்த பணத்தில்தான் பெட்டி வந்தது. அதே வாரம் தலைமை அலுவலகத்திலிருந்து கடிதமும் வந்தது. மோசடியாக எடுக்கப்பட்ட இரண்டு சிறு தொகைகளும் திருப்பித் தரப்பட்டன, தங்கள் இருப்பு முழுமையாகப் பாதுகாக்கப்பட்டது என்று எழுதியிருந்தார்கள். ஒரு பைசா குறையவில்லை. நிஜமாகவே குறையவில்லை.

அடக்கம் முடிந்து எல்லோரும் போன பிறகு தங்கை கூடத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்த அப்பா அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். சர்க்காருக்குக் கட்ட வேண்டியதைக் கட்டாமல் விட்டால் எங்கே இருந்தாலும் தேடி வருவார்கள் என்று நம்புகிறவர் அவர்.

"அந்த அபராதத்தக் கட்டிட்டியாம்மா?" என்று கேட்டார்.

"கட்டலப்பா. கட்டப் போனேன். செத்தவங்களுக்கு அபராதம் கெடையாதாம், வேணாம்னு சொல்லி அனுப்பிட்டாங்க" என்றாள்.

அப்பா அவள் கையைப் பிடித்தார். அவள் கையை எடுத்துக்கொண்டாள்.